முதல் சொத்துக்குப் பணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கையில் 12 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். ஆறு வருடப் பழைய டபுள் பெட்ரூம் ஃபிளாட் ஒன்று 50 லட்சத்துக்கு வருகிறது. “பேங்க் 80% தரும், நீங்கள் 10 லட்சம் போட்டால் போதும், 14,000 வாடகை வரும்” என்கிறார் புரோக்கர். முதலீட்டுக்காக வாங்கலாமா?
– வாசகர், மேற்கு தாம்பரம்

பதில்: 12 லட்சம் போதாது. வங்கி சொல்லும் 80% சொத்தின் விலைக்கு மட்டும்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% என்பது உச்சவரம்பு. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் 46 லட்சம் என்று எழுதிக் கொடுத்தால் 80% என்பதும் 46-க்குத்தான். அப்போது கடன் 36.8 லட்சம், மீதி 13.2 லட்சத்தை நீங்கள் புரட்ட வேண்டும்.

மதிப்பீடு 50 லட்சமாகவே வருகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். உங்கள் பங்கு 10 லட்சம். பழைய ஃபிளாட் என்பதால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 4.5 லட்சம். வங்கியின் பிராசஸிங் கட்டணம், லீகல் ஒப்பீனியன், அடமான ஆவணப் பதிவு எல்லாம் சேர்ந்து அரை லட்சம். தரகு 1% என்றால் இன்னொரு அரை லட்சம். பெயின்ட், குழாய், மின் வேலைக்கு 1.5 லட்சம். மொத்தம் 17 லட்சம் இல்லாமல் சாவி கைக்கு வராது.

அடுத்து மாதக் கணக்கு. 40 லட்சம், 9% வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ ஏறக்குறைய 36,000, ஆண்டுக்கு 4.32 லட்சம். வாடகையை 12 மாதத்துக்குப் பெருக்காதீர்கள். ஆள் மாறும்போது ஒரு மாதமாவது காலியாகக் கிடக்கும். 11 மாத வாடகை 1.54 லட்சத்தில் சொத்து வரியும் சில்லறைப் பழுதும் போக 1.4 லட்சம் மிஞ்சும். ஆண்டுக்கு 2.92 லட்சம், அதாவது மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்திலிருந்து போட வேண்டும். ஐந்து வருடத்தில் அது 14.6 லட்சம். ஆரம்பத்தில் போட்ட 17-ஐயும் சேர்த்தால் 31.6 லட்சம். அப்போதும் வங்கிக்குப் பாக்கி 35.5 லட்சம் நிற்கும். ஆக, ஐந்து வருடம் கழித்து ஃபிளாட் 67 லட்சத்துக்கு விற்றால்தான் போட்ட காசு அப்படியே திரும்பும். அந்தக் காசுக்கு ஒரு ரூபாய் வட்டிகூட இல்லாமல். விலை ஆண்டுக்கு 6% ஏறினால்தான் இது நடக்கும். வாடகை ஏற்றத்தைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கட்டடம் பழசாகிக்கொண்டே போகும் ஃபிளாட்டுக்கு இந்த ஏற்றத்தை உறுதி என்று யாரும் சொல்ல முடியாது.

வருமான வரிச் சலுகையையும் பலர் தப்பாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். பழைய வரிமுறையில் வீட்டு வாடகைக் கணக்கின் நஷ்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய வரிமுறையில் வட்டியை வாடகை வருமானம் அளவுக்குத்தான் கழிக்க முடியும். சம்பளத்தில் கை வைக்க முடியாது. முதல் வருட வட்டியே 3.57 லட்சம் வருகிறதே, பெரும் சலுகை கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

உங்கள் 12 லட்சத்துக்கு 28 லட்சம் வரையிலான சொத்துதான் பொருத்தம். 21 லட்சம் கடன், 7 லட்சம் சொந்தப் பணம், பதிவு 2.52 லட்சம், மற்ற செலவு 1.5 லட்சம், எல்லாம் 11 லட்சத்தில் அடங்கும். இஎம்ஐ 18,900. மிஞ்சும் ஒரு லட்சத்தைத் தொடாமல் வையுங்கள். புது ஃபிளாட்டை பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கினால் 50 லட்சம் வரை பதிவுச் செலவு மொத்தம் 6% தான். ஆனால் கட்டட நிறைவுச் சான்று வாங்குவதற்கு முன் விற்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் எது மலிவு என்று சொல்ல முடியும்.

இதையும் மீறி அந்த ஃபிளாட்டையே வாங்குவதாக இருந்தால் ஒன்று: விலையோ அரசின் வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால், இரண்டில் எது அதிகமோ அதில் 1%-ஐ விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து டிடிஎஸ்ஸாக (மூலத்திலேயே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அவருடைய பான் எண்ணில் கட்டுவது உங்கள் பொறுப்பு. மறந்தால் வட்டியும் அபராதமும் உங்களுக்குத்தான் வரும்.

கேள்வி: 5 சென்ட் மனை, சென்ட் 8 லட்சம் வீதம் 40 லட்சம். 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து முத்திரைத் தாளில் அக்ரிமென்ட் போட்டு, 90 நாளுக்குள் 44 லட்சத்துக்குக் கைமாற்றிவிட்டால் 4 லட்சம் லாபம் என்று தோழி சொல்கிறார். சட்டப்படி சரியா?
– வாசகி, சரவணம்பட்டி, கோவை

பதில்: செய்யலாம். ஆனால் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது; பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தப் பதிவு கட்டாயம். பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் கேட்டுப் போடும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்தது உண்மைதான். அது வழக்குக்குப் போன பிறகு கிடைக்கும் ஆறுதல். பதிவாகாத ஒப்பந்தம், சொத்தின் மீதான பதிவுகளைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றில் ஏறாது. உரிமையாளர் அதே வாரம் இன்னொருவருக்குக் கிரயம் செய்துகொடுத்தால் சார்பதிவாளருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களை வாசகம் வாசகமாகப் பாருங்கள். முதலாவது, “எனக்கோ நான் காட்டும் நபருக்கோ கிரயம் செய்து தர வேண்டும்” என்ற வரி. இது இல்லையென்றால் கைமாற்றும் பேச்சே இல்லை. இரண்டாவது, காலக்கெடு எப்போது தொடங்குகிறது என்பது. ஒப்பந்தத் தேதியிலிருந்து 90 நாள் என்று எழுதினால், பட்டா இன்னும் உரிமையாளரின் அப்பா பெயரில் இருக்கிறது என்று தெரிந்து அதை மாற்றி முடிப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடும். மூலப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, தன் பெயர் பட்டா, தேவையென்றால் வாரிசுச் சான்று ஆகியவற்றை உரிமையாளர் ஒப்படைத்த நாளிலிருந்து 90 நாள் என்று எழுத வேண்டும்.

மூன்றாவது அளவு. 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. சர்வேயரை வைத்து அளக்கும்போது 4.8 சென்ட்தான் இருக்கிறது என்று வந்தால் 1.6 லட்சம் குறைய வேண்டும்; உங்கள் லாபத்தில் அது பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. எனவே “நேரில் அளந்து வரும் அளவுக்கு, சென்ட் 8 லட்சம் வீதம்” என்றே விலையை எழுதுங்கள். நான்காவது, முறிந்தால் என்ன? உரிமையில் குறை என்றால் முழு அட்வான்ஸும் 15 நாளில் திரும்ப வேண்டும். நீங்கள் பின்வாங்கினால் எவ்வளவு பிடிக்கலாம் என்பதையும் தொகையாகவே எழுதிவிடுங்கள்.

இனி, இந்த முறையில் பெரும்பாலானவர்கள் மாட்டும் இடம். கடைசியில் வாங்குபவர் வங்கிக் கடனில் வருகிறார் என்று வையுங்கள். உரிமையாளர் 40 லட்சத்துக்குத்தான் கிரயம் எழுதுவேன் என்பார். 44 என்று எழுதினால் மூலதன ஆதாய வரி அவர் தலையில் ஏறும். கிரயம் 40-க்கு எழுதினால் வங்கி அந்த 40-ஐ வைத்துத்தான் கடன் தரும். மீதி 4 லட்சத்தை உங்களுக்கு ரொக்கமாகத் தரச் சொல்லி அங்கேயே தகராறு. நேரான வழி, கிரயப் பத்திரத்தில் நீங்களும் ஒப்புதல் தரப்பாகச் சேர்வது. மொத்த விலை 44 லட்சம், அதில் உரிமையாளருக்கு 40, ஒப்பந்த உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு உங்களுக்கு 4 என்று பத்திரத்திலேயே பிரித்து எழுதி, இரண்டு பேருக்கும் தனித்தனி டிடி. இதற்கு உரிமையாளரின் சம்மதத்தை அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். உங்கள் 4 லட்சம் வரிக்கு உட்பட்ட வருமானம்.

அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. கிரயம் நடக்காமல் போனாலும் விலக்கில்லை.

எங்கள் கருத்து: ஆள் கிடைக்காவிட்டால் மீதி 37 லட்சத்தையும் பதிவுச் செலவு 3.6 லட்சத்தையும் நீங்களே போட்டுக் கிரயம் முடிக்க முடியும் என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். பேரம் முறிந்தால் ஒப்பந்த ரத்துப் பத்திரத்தையும் பதிவு செய்ய மறக்காதீர்கள். இல்லையென்றால் அந்தப் பழைய ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து வாங்க வருபவரின் கடனை நிறுத்தும்.

கேள்வி: மாதம் 10,000 வீதம் 60 மாதம் கட்டினால் மனை. கடைசித் தவணை முடிந்ததும் பத்திரம் என்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், மதுராந்தகம்

பதில்: இந்த வடிவில் வேண்டாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. விலையில் 10%-க்கு மேல் வாங்க வேண்டுமென்றால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது ரெரா சட்டம். உங்கள் 6 லட்சத்தில் 60,000 கட்டியதும், அதாவது ஆறாவது தவணையோடு, பதிவு செய்த ஒப்பந்தத்தைக் கேளுங்கள். மறுத்தால் ஏழாவது தவணை கட்டாதீர்கள். சேர்வதற்கு முன் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணையும், லேஅவுட் போடுவதற்கு முந்தைய தாய் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றையும் பாருங்கள். முழு நிலமும் ஏதாவது வங்கியில் அடமானத்தில் இருந்தால் அங்கேதான் தெரியும்.

கேள்வி: சொந்த வீட்டின் மாடி மாதம் 9,000 வாடகைக்குப் போகிறது. அதையே 8 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தை இன்னொரு வீட்டுக்கு முன்பணமாகப் போடலாம் என்று நினைக்கிறேன். வட்டியில்லாப் பணம்தானே?
– வாசகர், செல்லூர், மதுரை

பதில்: வட்டி உண்டு, அது நீங்கள் இழக்கும் வாடகை. ஆண்டுக்கு 1.08 லட்சம் வாடகையை விட்டுக்கொடுத்து 8 லட்சம் வாங்குகிறீர்கள். 13.5% வட்டி. வீட்டுக் கடனைவிட மிக அதிகம். 9% வட்டிக்குச் சமமாக வேண்டுமென்றால் ஒத்தித் தொகை 12 லட்சமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே எந்தத் தொகைக்கு விட்டாலும் நீங்கள் வீட்டுக் கடனைவிட அதிக வட்டி கட்டுகிறீர்கள். சொத்தின் மீதான அடமானக் கடனை இரண்டு வங்கிகளில் விசாரித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் திருப்பிக் கொடுப்பது. ஒத்திக் காலம் மூன்று வருடம் என்று வைத்தால், அது முடிந்ததும் 8 லட்சம் முழுதாக வேண்டும், தவணை கிடையாது. அந்தப் பணம் இன்னொரு வீட்டின் சுவரில் போய் அடைந்திருக்கும். அடுத்த ஒத்திக்காரர் கொடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் 7 லட்சம்தான் தருவேன் என்றாலோ, இரண்டு மாதம் ஆள் கிடைக்காமல் போனாலோ, இருப்பவர் வீட்டைக் காலி செய்ய மாட்டார். செய்ய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

இதையும் மீறிச் செய்வதென்றால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையோ போக்கியமோ பதிவு செய்தால்தான் செல்லும். இரண்டு பேருக்கும் அதுதான் பாதுகாப்பு. வீட்டின் மீது ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். கையில் வாடகை வராவிட்டாலும், அந்த வீட்டுக்கு நியாயமாக வரக்கூடிய வாடகையை வைத்து வருமான வரி கணக்கிட இடமுண்டு என்பதால் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இடம் வாங்க 10 லட்சம் குறைகிறது. ஃபைனான்ஸ்காரர் ஒருவர் மாதம் 2 வட்டிக்குத் தருகிறார். செக்யூரிட்டிக்காக எங்கள் வீட்டைக் கிரயமாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருவதாகத் தனியாக ஒரு பேப்பரும் தருவாராம்.
– வாசகி, பெருந்துறை

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். கிரயம் எழுதிக் கொடுத்த அன்றே வீடு அவருடையது. அடமானம், நிபந்தனைக் கிரயம் என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த நிபந்தனை அதே கிரயப் பத்திரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தனிப் பேப்பரில் உள்ள வாக்குறுதி கிரயத்தை அடமானமாக்காது. பொது அதிகாரப் பத்திரமும் கிரய ஒப்பந்தமும் சேர்த்து எழுதி வாங்குவது இதன் இன்னொரு வடிவம், ஆபத்து அதேதான்.

கடனுக்கு ஈடு என்றால் அதற்கான பத்திரம் அடமானப் பத்திரம். அதில் அசல், வட்டி, காலம் எழுதிப் பதிவு செய்யலாம். கட்டி முடித்ததும் ரசீதுப் பத்திரம் பதிவு செய்து வில்லங்கத்தை நீக்கலாம். உண்மையில் வட்டிக்காக மட்டும் பணம் கொடுப்பவர் இதை மறுக்கக் காரணமே இல்லை. மறுக்கிறார் என்றால் அவர் கண் வீட்டின் மீது. தவிர, மாதம் 2 வட்டி என்பது ஆண்டுக்கு 24%. காலி மனையின் விலை வருடம் 24% ஏறினால்தான் கட்டுப்படியாகும். அந்த இடத்தை இப்போது விட்டுவிடுவதே உங்களுக்கு நல்லது.

கேள்வி: நண்பர்கள் இருவர். ஒருவர் 60%, இன்னொருவர் 40% போட்டு ஒரு மனை வாங்குகிறோம். வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்கும் என்பதால் ஒருவர் பெயரில் மட்டும் பத்திரம் போட்டு, எங்களுக்குள் எழுதி வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர்கள், திருச்சி

பதில்: கூடாது. ஒருவர் பணம், இன்னொருவர் பெயர் என்றால் அது பினாமிப் பரிவர்த்தனை. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி சொத்து பறிமுதலாகும். ஏழு ஆண்டு வரை சிறையும், சந்தை மதிப்பில் 25% வரை அபராதமும் உண்டு. மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டிய பணத்தில் வாங்குவதற்கு விலக்கு இருக்கிறது, நண்பர்களுக்குக் கிடையாது. “எங்களுக்குள் எழுதி வைத்த” காகிதம் உங்களுக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கும்.

இரண்டு பேர் பெயரிலும் பத்திரம் போட்டு, 60, 40 என்ற பங்கைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வங்கியில் கடன் என்றால் உரிமையாளர் எல்லோரும் கடன்தாரராகச் சேர வேண்டும். உறவில்லாதவர்களுக்குக் கூட்டு வீட்டுக் கடன் தரப் பல வங்கிகள் தயங்கும். எனவே நண்பர்கள் கூட்டு பெரும்பாலும் கைப் பணத்தில்தான் நடக்கும். அதற்கேற்ற விலையில் இடம் தேடுங்கள்.

கூட்டு ஒப்பந்தம் ஒன்று தனியாகப் போடுங்கள். அதில் விற்கும் தேதியைவிட, விலகும் வழி முக்கியம். ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் முதலில் மற்றவருக்குத்தான் விற்க வேண்டும். விலையை வங்கிப் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் சொல்வார். 60 நாளுக்குள் வாங்காவிட்டால் வெளியாருக்கு விற்கலாம் என்று எழுதுங்கள். வேலி, வரி போன்ற செலவில் ஒருவர் தன் பங்கைத் தராவிட்டால் மற்றவர் போட்ட தொகைக்கு எத்தனை சதவீதம் வட்டி என்பதையும் எழுதுங்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும். அதில் மைனர் பிள்ளை இருந்தால் விற்க நீதிமன்ற அனுமதி தேவைப்படும். அதற்காகவே இரண்டு பேரும் உயில் எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒரு கிரவுண்டில் பழைய வீடு. நிலம் என்னுடையது, கட்டும் செலவு அவருடையது என்று பில்டர் 50:50 ஜேவிக்கு (கூட்டுத் திட்டம்) கேட்கிறார். கையில் காசு இல்லாமல் இரண்டு ஃபிளாட் கிடைக்கும் என்பதால் ஆசையாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: முதலில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் திட்டத்துக்கு ரெரா பாதுகாப்பு இருக்காது. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் திட்டங்களுக்கு ரெரா பதிவு தேவையில்லை. எனவே நீங்கள் போடும் ஒப்பந்தம்தான் உங்களுக்கு எல்லாமே.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ (நிலப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. ஆக 4,800 சதுர அடி கட்டலாம். 50% என்றால் 2,400. சதுர அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவு என்று வைத்தால் பில்டர் போடுவது 1.2 கோடி. உங்கள் கிரவுண்ட் இன்று என்ன விலைக்குப் போகும் என்று விசாரியுங்கள். 1.8 கோடி என்றால் மொத்த முதலீடு 3 கோடியில் உங்களுடையது 60%. 50:50 அங்கே நியாயமில்லை. 60:40 கேளுங்கள், அல்லது வித்தியாசத்தைத் திருப்பித் தரத் தேவையில்லாத தொகையாகக் கேளுங்கள்.

பவர் பத்திரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முழு நிலத்துக்கும் விற்கும் அதிகாரம் கொடுத்துவிட்டால், பில்டர் அஸ்திவாரம் போட்ட கையோடு தன் பங்கை விற்றுப் பணத்தை வேறு வேலைக்குக் கொண்டுபோக முடியும். பில்டர் பங்குக்குரிய பிரிபடாத நிலப் பாகத்துக்கு, அதாவது யூடிஎஸ்ஸுக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள். அதுவும் படிப்படியாக: கூரை கான்கிரீட் முடிந்ததும் பாதி, பூச்சும் மின்வேலையும் முடிந்ததும் கால்பங்கு, உங்கள் ஃபிளாட் சாவி கைக்கு வந்த பிறகு கடைசிக் கால்பங்கு. இந்தக் கடைசிக் கால்பங்கு உங்கள் கையில் இருக்கும்வரை வேலை நிற்காது. அடமானம் வைக்கும் அதிகாரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மூலப் பத்திரத்தின் அசலையும் ஒப்படைக்காதீர்கள், தேவைப்படும்போது நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வேலை முடியும்வரை நீங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை, 18 மாதம் தாண்டினால் மாதத்துக்கு இவ்வளவு இழப்பீடு, எந்தக் கம்பி, எந்த டைல்ஸ், உங்கள் பங்கு ஃபிளாட்டுக்கான ஜிஎஸ்டியை யார் கட்டுவது, எல்லாம் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால், தனிநபரான உங்களுக்கு மூலதன ஆதாய வரி ஒப்பந்தம் போட்ட ஆண்டில் வராது. கட்டட நிறைவுச் சான்று கிடைத்த ஆண்டில்தான் வரும். அதற்கு முன்பே உங்கள் பங்கை விற்றுவிட்டால் இந்தச் சலுகை போய்விடும்.

கேள்வி: வங்கி ஏலத்தில் வீடு சந்தை விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே, கடன் வாங்கி எடுக்கலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: எடுக்கலாம்; ஆனால் பணத்தின் நேரக்கணக்கு வேறு. ஏலத்துக்கு முன் 10% முன்வைப்புத் தொகை. ஏலம் உங்கள் பெயரில் விழுந்ததும், அன்றோ அடுத்த வேலை நாளிலோ, அந்த 10%-ஐயும் சேர்த்து 25% கட்ட வேண்டும். மீதி 75% விற்பனை உறுதியான 15 நாளில். வங்கி எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். தவறினால் கட்டியது போய்விடும். சாதாரண வீட்டுக் கடன் 15 நாளில் கைக்கு வருவது கடினம். எனவே ஏல அறிவிப்பு வந்ததுமே, ஏலம் விடும் வங்கியிலேயே கடன் கேட்டு, கொள்கை அளவில் ஒப்புதல் கடிதம் வாங்கிய பிறகு முன்வைப்புத் தொகை கட்டுங்கள்.

அறிவிப்பில் “சுவாதீனம்” என்ற வரியை முதலில் படியுங்கள். நேரடிச் சுவாதீனம் என்றால் வங்கி வீட்டைப் பூட்டிச் சாவி வைத்திருக்கிறது. அடையாளச் சுவாதீனம் என்றால் உள்ளே ஆள் இருக்கிறார். அவரை வெளியேற்றி வீட்டைக் கையில் வாங்க எத்தனை மாதமாகும் என்று சொல்ல முடியாது, ஆனால் இஎம்ஐ முதல் மாதமே தொடங்கிவிடும். முதல் முறை ஏலத்துக்குப் போகிறவர்கள் அடையாளச் சுவாதீனச் சொத்தைத் தொட வேண்டாம்.

சொத்து உள்ளது உள்ளபடி என்ற நிபந்தனையில்தான் விற்கப்படும். மின்கட்டணப் பாக்கி, சொத்து வரி, அபார்ட்மென்ட் சங்கத்தின் பராமரிப்புப் பாக்கி மூன்றையும் நேரில் போய்க் கேட்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு ஏலத்தில் கேளுங்கள். கடன் வாங்கியவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறாரா என்று வங்கியின் அதிகாரியிடம் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வங்கிக்குத் தெரியாத பழைய குத்தகைதாரர் யாராவது இருக்கிறாரா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். முழுப் பணமும் கட்டியதும் கிடைக்கும் விற்பனைச் சான்றை உடனே பதிவு செய்து, பட்டா, வரி, மின் இணைப்பு மூன்றிலும் பெயர் மாற்றிவிடுங்கள்.